1,600 கிலோமீட்டருக்கு ஒரு பைக்: குதிரைத்திறனா, டேங்கா?

ஸ்போர்ட் டூரிங் பைக்குகளை ஒப்பிடும் விமர்சனங்களை ஒரு மாதமாக வரிசையாகப் படித்தும் பார்த்தும் வருகிறேன். காரணம், என்னோடு பி.இ. படித்த நண்பன் ஒருவன். அவன் டென்வரில் இருக்கிறான், தம்பி குடும்பம் லாஸ் ஏஞ்சலஸில். நடுவே ஏறக்குறைய 1,640 கி.மீ. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பைக்கிலேயே போய்வரணும் என்பது அவன் ஆசை. வயது 46. இடுப்பில் ஏற்கெனவே ஒரு டிஸ்க் தகராறு. பழைய பைக்காக வாங்குவது என்று முடிவுசெய்து, மூன்றைப் பொறுக்கி ஒரு எக்செல் ஷீட் போட்டு அனுப்பியிருந்தான்: 2014 யமஹா எஃப்ஜேஆர்1300, 2010 ஹோண்டா விஎஃப்ஆர்1200எஃப், 2012 கவாஸாகி கான்கோர்ஸ் 14.

ஷீட்டில் பதினோரு காலம். ஹெச்பி, டார்க், எடை, 0–100, விலை என்று எல்லாம் இருந்தது. டேங்க் எத்தனை லிட்டர் என்பது மட்டும் இல்லை.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் படித்த விமர்சனங்கள் அப்படி. அவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. கம்பெனி ஏதோ ஒரு மலைப்பாதைக்குக் கூட்டிக்கொண்டு போகும். பெட்டிகள் காலி, பின்சீட்டில் ஆள் இல்லை, அரை நாள் ஓட்டம், வளைவில் சாய்ந்தபடி ஒரு படம். பிறகு ‘நெடுந்தூரத்துக்கு ஏற்றது’ என்று ஒரு வரி. நெடுந்தூரம் போய்ப் பார்க்காமலேயே அந்த வரி எப்படி வருகிறது? ஸ்போர்ட் என்ற சொல்லைச் சோதித்துவிட்டு டூரிங் என்ற சொல்லுக்கும் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். என் புகார் இதுதான்.

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் ‘அயர்ன் பட் அசோசியேஷன்’ என்று ஒரு சங்கம் இருக்கிறது. பெயரைத் தமிழாக்கினால் ‘இரும்புப் பிட்டம்’ சங்கம். அதில் சேர 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கி.மீ. ஓட்டிக்காட்ட வேண்டும். கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் வகுத்துப் பாருங்கள், சராசரி மணிக்கு 67 கி.மீ. மட்டுமே! நம்மூர் ஆம்னி பஸ் போகும் வேகம். இந்தச் சவாலில் தோற்பவர்கள் பைக் மெதுவாகப் போனதால் தோற்பதில்லை. பைக் ஓடாமல் நின்ற நேரம்தான் தோற்கடிக்கிறது.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு அம்டால் விதி ஞாபகம் வந்திருக்கும். 1967-ல் ஜீன் அம்டால் சொன்னது: ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு வேகப்படுத்தினாலும், மொத்தத்தில் கிடைக்கும் லாபம் அந்தப் பகுதி எடுக்கும் நேரத்தின் பங்கைத் தாண்டாது. இந்த மூன்று பைக்கும் 0-விலிருந்து 100-ஐ 4 விநாடிக்குள் தொட்டுவிடும். டென்வர்–எல்.ஏ. பயணத்தில் அப்படி முழுவேகத்தில் முறுக்க எத்தனை தடவை வாய்ப்பு வரும்? யூட்டாவில் சில இடங்களில் வேக வரம்பு 80 மைல், கிட்டத்தட்ட 130 கி.மீ. அந்த வேகத்தைப் பிடித்துவைக்க இவற்றின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஹோண்டாவில் சுமார் 170 குதிரை, கவாஸாகியில் 155, யமஹாவில் 145. மீதிக் குதிரைகள் வழிநெடுகச் சும்மாதான் வரும்.

டேங்குக்கு வருவோம். யமஹா 25 லிட்டர், கவாஸாகி 22, ஹோண்டா 18.5. நெடுஞ்சாலை வேகத்தில் யமஹா லிட்டருக்கு 17, மற்ற இரண்டும் 16 கி.மீ. தரும் என்று வைத்துக்கொள்கிறேன். ஓட்டுபவரையும் எதிர்காற்றையும் பொறுத்து இது மாறும். டேங்க் காலியாகும் தூரம் முறையே 425, 352, 296 கி.மீ. கடைசி 40 கி.மீ.யைக் கையிருப்பாக ஒதுக்கினால், 1,640 கி.மீ.க்கு யமஹாவில் நான்கு தடவை நிரப்ப வேண்டும், கவாஸாகியில் ஐந்து, ஹோண்டாவில் ஆறு.

‘ரெண்டு ஸ்டாப்தானேடா, அரைமணி நேரம். அதுக்காக 170 குதிரையை விடச் சொல்றியா?’ என்றான் நண்பன். நியாயமான கேள்வி. இன்னும் ஒரு படி மேலே போய்க்கூடக் கேட்கலாம். இடுப்பில் டிஸ்க் பிரச்சினை உள்ளவன் எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தே ஆகணும். இரண்டு மணி நேரத்தில் 220 கி.மீ. ஓடியிருக்கும். ஹோண்டா டேங்கே போதுமே?

எண்ணிக்கையில் போதும். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. சாஃப்ட்வேரில் கப்ளிங் என்போம். தனித்தனியாக இருக்கவேண்டிய இரண்டு விஷயங்கள் ஒன்றோடு ஒன்று பிணைந்துகொண்டால் ஒன்றை அசைக்கும்போதெல்லாம் மற்றதும் அசையும். பயணத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன, ஒன்று உடம்புக்கு, இன்னொன்று பெட்ரோலுக்கு. டேங்க் சின்னதாக இருந்தால் இரண்டும் பிணைந்துவிடும். நிற்கும் ஒவ்வொரு இடமும் பங்க் உள்ள இடமாகவே இருக்கவேண்டும். டேங்க் பெரிதாக இருந்தால் இடுப்பு வலிக்கிற இடத்தில் நிறுத்தலாம்.

அவன் போகும் பாதையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஐ-70 சாலையில், யூட்டாவில், கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே சுமார் 170 கி.மீ. பங்க், ஓட்டல் எதுவும் கிடையாது. அமெரிக்க இன்டர்ஸ்டேட் சாலைகளிலேயே இவ்வளவு நீளமான இடைவெளி இதுதான். சான் ரஃபேல் ஸ்வெல் என்ற செம்பாறைப் பிரதேசத்தை அறுத்துக்கொண்டு ஏறும் சாலை. வழியில் நின்று பார்க்க சில திட்டுகள் மட்டும் உண்டு. கிரீன் ரிவருக்கு முந்தைய பெரிய ஊர் கிராண்ட் ஜங்ஷன், அங்கிருந்து சலைனா வரை ஏறக்குறைய 335 கி.மீ. கிராண்ட் ஜங்ஷனில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புகிறான் என்று வையுங்கள். யமஹாவில் சலைனாவைத் தொட்டபிறகும் 90 கி.மீ. பாக்கி இருக்கும். செம்பாறைகளுக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும் இறங்கிக் காலை நீட்டலாம். கவாஸாகியில் கணக்குப்படி போய்ச்சேரலாம், ஆனால் ஏற்றத்தில் எதிர்காற்று அடித்தால் கண் முழுக்க மீட்டரில்தான் இருக்கும். ஹோண்டாவில் கிரீன் ரிவரில் நின்றே தீரணும், பசித்தாலும் சரி, பசிக்காவிட்டாலும் சரி.

நெடுந்தூரக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதே சங்கம் நடத்தும் அயர்ன் பட் ராலி 11 நாளில் 11,000 மைல் கணக்கில் ஓடும் போட்டி. அதில் என்ஜின் சக்திக்கு உச்சவரம்பு இல்லை, பெட்ரோலுக்குத்தான் இருக்கிறது: கூடுதல் டேங்கையும் சேர்த்து 11.5 அமெரிக்க கேலன், சுமார் 43.5 லிட்டர். எதைக் கட்டுப்படுத்தவேண்டும் என்று போட்டி நடத்துகிறவர்கள் நினைக்கிறார்களோ, அதில்தான் அனுகூலம் ஒளிந்திருக்கும்.

இதில் எனக்கு வியப்பு, ஹோண்டாவுக்கே இது ஒருகாலத்தில் தெரிந்திருந்தது என்பதுதான். 1990-ல் ஐரோப்பாவை மனதில் வைத்து அவர்கள் விட்ட எஸ்டி1100-க்கு ‘பான் யூரோப்பியன்’ என்றே பெயர். வி4 என்ஜின், ஷாஃப்ட் டிரைவ், 28 லிட்டர் டேங்க். அவ்வளவு பெட்ரோலை மேலே வைத்தால் வண்டி தலைகனத்து ஆடும் என்று, டேங்கைச் சீட்டுக்கு அடியில் இறக்கியிருந்தார்கள். 2002-ல் வந்த எஸ்டி1300-ல் 29 லிட்டர். 2010-ல் அதே கம்பெனி, அதே வி4, அதே ஷாஃப்ட், ஆனால் விஎஃப்ஆர்1200எஃப்-ல் 18.5 லிட்டர்! பத்து லிட்டருக்கு மேல் காணாமல் போயிருக்கிறது.

விஎஃப்ஆரை மட்டமான பைக் என்று சொல்ல வரவில்லை. பின்பக்கச் சிலிண்டர்கள் இரண்டையும் நெருக்கிவைத்து, அவ்வளவு பெரிய என்ஜினைத் தொடைகளுக்கு நடுவே ஒல்லியாக்கிய வேலை அபாரமானது. டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் முதன்முதலில் சந்தைக்கு வந்த மோட்டார் சைக்கிளும் அதுதான். மூன்றில் எடை குறைந்ததும் அதுவே: சுமார் 267 கிலோ. யமஹா 290-ஐ ஒட்டி, கவாஸாகி 300-க்கும் மேலே. ஞாயிற்றுக்கிழமை காலையில் டென்வருக்கு மேற்கே மலைப்பாதையில் ஒரு சுற்று என்றால் நானும் அதைத்தான் கேட்பேன். ஷாஃப்டும் பெட்டி மாட்டும் வசதியும் இருக்கிறதே என்று அதை டூரிங் வரிசையில் நிறுத்தினவர்கள், டேங்கைத் திறந்து பார்த்திருக்கலாம்.

டேங்குக்கு அடுத்து நான் பார்ப்பது வலது மணிக்கட்டை. பதினான்கு மணி நேரம் ஆக்ஸிலரேட்டரை ஒரே நிலையில் முறுக்கிப் பிடிப்பது சின்ன விஷயமில்லை. மணிக்கட்டில் ஆரம்பித்துத் தோள், கழுத்து என்று வலி ஏறும். எஃப்ஜேஆரில் 2013 முதல் க்ரூஸ் கன்ட்ரோல் உண்டு. விஎஃப்ஆரில் இல்லை. கான்கோர்ஸில் கடைசிவரை வரவே இல்லை. அவ்வளவு பெரிய டூரிங் பைக்குக்கு இதைக் கொடுக்காமலே வருடக்கணக்கில் விற்றார்கள் என்பதை இன்றைக்கும் என்னால் நம்பமுடியவில்லை. விமர்சனங்களில் இதற்கு ‘குறைகள்’ பத்தியில் அரை வரி. அந்த எக்செல் ஷீட்டில் ஒரு காலத்துக்குத்தான் உயிர் கொடுக்கலாம் என்றால், இடுப்பு வலிக்காரனுக்கு நான் இதைத்தான் போடுவேன்.

காற்றும் அப்படித்தான். யமஹாவிலும் கவாஸாகியிலும் விண்ட்ஷீல்டை பட்டனால் ஏற்றி இறக்கலாம், ஹோண்டாவில் அசையாது. 100 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடும். சாயங்காலம் உடம்பில் தெரியும் களைப்பில் பாதி அதுதான் என்பது என் எண்ணம். விண்ட்ஷீல்டு எதுவானாலும், நல்ல இயர்பிளக் ஒரு ஜோடி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

பராமரிப்பில் ஒரே ஒரு எண் சொல்கிறேன். எஃப்ஜேஆரில் வால்வு இடைவெளியைச் சோதிக்கவேண்டியது 42,000 கி.மீ.க்கு ஒருமுறை. கான்கோர்ஸில் 24,000. பழைய பிஎம்டபிள்யூ ஆர்டி வகையில் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை. பார்த்தால் பிஎம்டபிள்யூதான் மோசம் என்று தோன்றும். ஆனால் அதன் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், கை பழகியவர் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். வரிசையாக நாலு சிலிண்டர் உள்ள என்ஜினில் டேங்கையும் பிளாஸ்டிக்கையும் கழற்றினால்தான் வால்வு கண்ணில் படும். எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை என்பதோடு, ஒருமுறைக்கு எவ்வளவு வேலை என்றும் கேட்கவேண்டும்.

காலி வண்டியில் சோதிப்பது வெறும் சோம்பேறித்தனம் மட்டுமல்ல, சமயத்தில் ஆபத்தும்கூட. மேலே சொன்ன எஸ்டி1300-ஐ பிரிட்டனில் போலீஸ் நிறைய பயன்படுத்தியது. கருவிகளும் பெட்டிகளும் ஏற்றிய வண்டி அதிவேகத்தில் பாம்பு மாதிரி நெளிகிறது என்ற புகார்கள் எழுந்தன. ஒரு காவலர் விபத்தில் இறந்தார். 2007-ல் பல காவல் படைகள் அந்த மாடலை விலக்கிக்கொண்டன. 29 லிட்டர் டேங்கைப் பாராட்டும் கையோடு இதையும் சொல்லவேண்டும். பெட்டியை நிரப்பி, பின்சீட்டில் ஆளை ஏற்றி ஓட்டாத விமர்சனத்தில் இந்தக் குணம் தெரியவே வராது. நண்பனிடமும், வாங்குவதற்கு முன்னால் இரண்டு பெட்டியிலும் பத்துப் பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் போட்டு ஹைவேயில் ஓட்டிப் பார் என்றேன்.

மொத்தத்தில் என் ஓட்டு எஃப்ஜேஆருக்கு. 2014 மாடலில் ஐந்து கியர்தான், ஆறாவது கியர் 2016-ல்தான் வந்தது. ஐந்தாவதில் போகும்போது கை தானாக இன்னொரு கியரைத் தேடும் என்பார்கள். அது பழகிவிடும், மணிக்கட்டு வலி பழகாது.

காணாமல்போன அந்தப் பத்து லிட்டர் எங்கே போனது என்று தேடினால், அட்வெஞ்சர் பைக்குகளில் கிடைக்கிறது. பிஎம்டபிள்யூ ஆர்1250ஜிஎஸ் அட்வெஞ்சரில் 30 லிட்டர். அண்மை ஆண்டுகளில் ஸ்போர்ட் டூரர்கள் என்று விற்பனைக்கு வந்த சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-எஸ்1000ஜிடி, கவாஸாகி நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ் இரண்டிலும் 19 லிட்டர், செயின் டிரைவ். நெடுந்தூரக்காரர்கள் எல்லாரும் மண்ரோட்டு மோகத்தில் ஜிஎஸ் பக்கம் போனார்கள் என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். அதில் பாதிப் பேர் தார்ரோட்டை விட்டு இறங்குவதே இல்லை என்றும் அவர்களே கேலி செய்கிறார்கள். அவர்கள் டேங்கைத் தேடிப் போயிருக்கலாம் என்று ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ் இந்தியாவிலும் விற்ற பைக். இங்கே நிலைமை வேறு. இந்த ரகப் பைக் எந்தச் சாலைக்காகப் பிறந்ததோ, அந்தச் சாலையில் இங்கே அதற்கு அனுமதியே இல்லை. மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் இருசக்கர வாகனத்துக்குத் தடை. பெங்களூரு–மைசூரு சாலையின் பிரதான பாதையிலும் 2023 ஆகஸ்ட் 1 முதல் தடை, சர்வீஸ் ரோட்டில்தான் போகணும். சென்னையில் இந்த மாதிரிப் பைக் வைத்திருக்கும் என் ஆபீஸ் நண்பர்கள் ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆரில் கிளம்பி, வழியில் இட்லி வடை சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குள் வீடு திரும்புகிறார்கள். அதற்கு 19 லிட்டர் தாராளம்.