கணக்கும் கண்ணோட்டமும்

கணக்கேடும் ஒரு பிரதியே. எதனைப் பதிவதென்றும் எத்தலைப்பின்கீழ்ப் பதிவதென்றும் தீர்மானிக்கும்போதே அது ஓர் உலகநோக்கினை வரித்துக்கொள்கின்றது. இன்று மாணவர் பலரின் கைத்தொலைபேசிகளில் இடம்பெற்றுள்ள வரவு செலவுச் செயலிகளையும் இவ்வாறே விமர்சன நோக்கில் அணுகுதல் தகும்.

அவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. 1494 இல் வெனிசில் அச்சான லூக்கா பச்சோலியின் நூல் விளக்கிய இரட்டைப் பதிவுமுறை வணிகருக்குரியதாயிருந்தது. 1904 இல் யப்பானில் ஹனி மொத்தோக்கோ வெளியிட்ட கணக்கேடு இல்லங்களை நோக்கியது. செயலியோ கணக்கெழுதும் பழக்கத்தைத் தனிமனிதரின் சட்டைப்பைக்குள் கொணர்ந்துள்ளது.

எனினும் இருவகைக் குறைகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, இணக்கம் பற்றியது. வங்கிக் கூற்றையும் தன் பதிவையும் ஒப்பிட்டு, வேறுபாட்டின் காரணத்தைத் தேடிக் காண்பதே கணக்கிணக்கம். செயலிகள் பலவற்றில் மீதி பொருந்தாதவிடத்துச் 'சீராக்கல்' என்றொரு பதிவு போதும். எண்கள் ஒத்துவிடும், பிழை புலப்படாது போகும். சீட்டுக்காசையும் கைமாற்றையும் உணவு, போக்குவரத்து, பொழுதுபோக்கு என்ற தலைப்புகளுள் எதில் அடக்குவது? சுற்றத்தாரிடையே நிலவும் கடப்பாடுகள் 'ஏனையவை' என்பதனுள் மறைந்துபோகின்றன.

இரண்டாவது, காரணம் பற்றியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதமாயிற்று. ஓராண்டுக்கு முன் 10,000 ரூபாவுக்கு வாங்கிய பண்டங்களுக்குச் சராசரியாக 16,980 ரூபா வேண்டியிருந்தது. அதே அரிசியையும் பருப்பையும் வாங்கிய மாணவனுக்குச் செயலி காட்டியிருக்கக்கூடியது, எல்லை மீறினாய் என்னும் சிவப்புக் கோடு ஒன்றே. நாட்டின் நெருக்கடி தனிமனிதனின் ஊதாரித்தனமாக உருமாற்றப்படுகின்றது. வரவு சிறிதாயினும் செலவு விரியாதிருப்பின் கேடில்லை என்னும் வள்ளுவர் கருத்து, அரசியலில் வரும் 'வலியறிதல்' அதிகாரத்தில் ஆள்வோனை நோக்கியே கூறப்பட்டதென்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆள்வோனுக்குரிய பொறுப்பைச் செயலி ஆளப்படுவோன் தலையில் மாத்திரம் சுமத்துகின்றது.

இதனால் கணக்கெழுதுவதைக் கைவிடவேண்டும் என்பதன்று. ரூபாவை மாத்திரம் குறியாது, வாங்கிய அளவையும் உடன் குறித்தல் வேண்டும். ஐந்து கிலோ அரிசி, இன்ன விலை என்றெழுதினால், மிகுந்தது நமது நுகர்வா சந்தை விலையா என்பது தெளிவாகும். குறிப்புப் பகுதி அநேகமாக எல்லாச் செயலிகளிலும் உண்டு. அதனை வெறுமையாக விடாதிருத்தலே நாம் செய்யத்தக்க முதற் காரியமாகும்.