ஹனிபாவின் குரலும் இமாம் கஸ்ஸாலியின் ஒட்டகங்களும்

நாகூர் இ. எம். ஹனிபா (1925-2015) பற்றி நம்மிடையே எழும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. ஒன்று, 'என்ன குரல்!' மற்றது, 'இசை ஹராம் அல்லவா?' அந்தப் பாடல்கள் நமக்குள் என்ன செய்தன என்ற கேள்வி விமர்சனத்துக்கு வராமலே போயிற்று.

என் சிறுபராயத்தில் நோன்புகாலச் சஹர் வேளைகளில் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் அக்குரல் ஒலிக்கும். குசினியில் உம்மாவின் கை ஒரு கணம் நின்றுவிடும், கண் கலங்கும். உம்மா சங்கீதம் அறிந்தவரல்லர். ஹனிபாவின் பாட்டும் நுணுக்கமான சங்கதிகளை நம்பி நிற்பதன்று. உச்சஸ்தாயியிலும் தளராத குரல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும் உச்சரிப்பு, அவற்றினூடே ஒரு மன்றாட்டு, அவ்வளவுதான். 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடலைப் பிற மதத்தவரும் தமதாக்கிக் கொண்டதற்கு இந்த எளிமையே காரணம் என நினைக்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். இதே குரல்தான் தமிழகத்தில் தி.மு.க. மேடைகளிலும் முழங்கியது. அங்கும் சனங்கள் சிலிர்த்தார்கள். அப்படியானால் ஆன்மிகம் குரலிலா இருந்தது?

இமாம் கஸ்ஸாலி (1058-1111) தமது 'இஹ்யா'வில் ஸமாஃ குறித்துத் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார். நரம்புக் கருவிகளையும் குழல்களையும் மதுக் கூட்டங்களோடு சேர்ந்தவையென விலக்கியவர் அவர். ஆயினும் இசையின் வலிமையை மறுக்கவில்லை. அடிமையொருவனின் பாட்டில் மயங்கி, பாரஞ்சுமந்த ஒட்டகங்கள் மூன்று நாள் தூரத்தை ஒரே இரவில் கடந்து, சுமை இறக்கியதும் மடிந்துபோன கதையை அவர் எடுத்துச் சொல்கிறார். இசை உள்ளத்தில் இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதில்லை, இருப்பதையே கிளறுகிறது என்ற கருத்தும் அங்கு வருகிறது.

இந்த அளவுகோலால் பார்த்தால், உம்மாவை அழவைத்தது அவரது உள்ளத்தில் ஏற்கெனவே இருந்த துஆ. ஹனிபா அதைத் தட்டி எழுப்பினார். அவரைப் பின்பற்றிப் பாடுவோரில் பலர் உச்சஸ்தாயியை எடுத்துக்கொண்டு மன்றாட்டை விட்டுவிடுகிறார்கள். குரல் நம்மை எட்டுகிறது. உள்ளே எதுவும் அசைவதில்லை.

பாடகரை மட்டும் குறைசொல்லித் தப்பிவிடவும் முடியாது. உம்மா மௌத்தானபின் வந்த நோன்பில், சஹர் நேரம், அதே பாடலைக் கைபேசியில் கேட்டேன். என் கண்ணும் கலங்கியது. இறைவனை நினைத்தா, உம்மாவை நினைத்தா?

உம்மாவை நினைத்துத்தான். கஸ்ஸாலியின் அளவுகோல் என்னையும் விட்டுவைக்கவில்லை.