மனைவியர் பெயரில் ஒரு கணவரின் குரல்

குடியைப் பற்றி எழுதிக் குவிக்கப்பட்ட ஏடுகள் கொஞ்சமல்ல. குடித்தவன் கெட்ட கதை உண்டு. குடித்தவன் திருந்திய கதையும் உண்டு. மேடையிலே அவன் தள்ளாடுகிறான், திரையிலே தத்துவம் பேசுகிறான், இறுதிக் காட்சியிலே திருந்தி எழுகிறான், அரங்கம் கைதட்டுகிறது. அவனுக்குப் பின்னே, அடுப்படி ஓரத்திலே, இரவு எத்தனை மணிக்குக் கதவு தட்டப்படுமோ என்று செவியைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாளே ஒருத்தி, அவள் கதை? அழுதாள், பொறுத்தாள், காத்திருந்தாள் — மூன்று சொற்களோடு முடிந்துவிடுகிறது அவளுடைய பாத்திரம்!

நம் நாட்டு எழுத்தாளர்க்கு மட்டுமே உரிய குறை இது என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! குடிநோயிலிருந்து மீள விழைவோர் உலகெங்கும் போற்றிப் படிக்கும் ஒரு நூலிலேயே, பெருங்குறையாய் அது அமர்ந்திருக்கிறது. அந்நூலின் எட்டாம் அதிகாரத்தைத்தான் இங்கே ஆராய எடுத்துக்கொள்கிறேன்.

1935இல், அமெரிக்க நாட்டு ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரிலே இருவர் சந்தித்தனர். ஒருவர் பங்குச் சந்தைத் தொழிலில் வீழ்ந்து எழ முயன்று கொண்டிருந்த பில் வில்சன்; மற்றவர் பாப் ஸ்மித் என்ற மருத்துவர். இருவரும் குடிக்கு அடிமைப்பட்டவர்கள். குடிநோயரின் துன்பம் இன்னொரு குடிநோயருக்கே முழுமையாக விளங்கும். ஆகவே, பட்டவன் பட்டவனிடம் பேசட்டும் என்ற எளிய உண்மையை அடித்தளமாக்கி அவர்கள் எழுப்பியதே 'ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பு. 1939இல் அமைப்பின் பெயரையே தாங்கி நூல் வெளிவந்தது. 1955, 1976, 2001 ஆகிய ஆண்டுகளில் மறுபதிப்புகள் கண்டும், அதன் முதற்பகுதி ஏறக்குறைய எழுதியபடியே இன்றளவும் நிற்கிறது.

அந்த முதற்பகுதியிலே, 'மனைவியருக்கு' என்றோர் அதிகாரம். குடிநோயரின் மனைவியராகிய நாங்கள் எங்கள் உடன்பிறந்தாளாகிய உன்னிடம் பேசுகிறோம் என்ற பாங்கிலே, பன்மையிலே, பரிவோடு பேசுகிறது அது. எழுதியவர் யார்? பில் வில்சன்! கணவர்!

அவருக்கு மனைவி இல்லையா? எழுதத் தெரியாதவரா அவர்? இருந்தார் லோயிஸ். 1918இல் மணந்து, 1934 இறுதியில் கணவர் கடைசிக் கோப்பையைக் கீழே வைக்கும் வரை, ஏறத்தாழ 17 ஆண்டுகள் குடிகாரரின் மனைவி என்ற வாழ்வை வாழ்ந்தவர். பெரிய கடையொன்றிலே வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர். தாம் எழுத விரும்பினார் அந்த அதிகாரத்தை. நூல் முழுதும் ஒரே நடையில் இருக்க வேண்டும் என்று காரணம் காட்டி, கணவரே எழுதிக்கொண்டார். தமக்கு அது வலித்தது என்பதை லோயிஸ் பிற்காலத்தில் மறைக்கவில்லை. நூல் வெளிவந்த அதே 1939இல், அவர்கள் வாழ்ந்த புரூக்லின் வீடு கடனுக்குப் போயிற்று. அந்த வீடு லோயிசின் தந்தையுடையது.

பட்டவனே பேசட்டும் என்று ஊருக்கு அறிவித்த அமைப்பு! பட்டவளே பேசட்டும் என்று வீட்டிலே விடவில்லை! இந்த முரண்பாட்டை நடையழகின் பெயரால் மூடிவிட முடியுமா?

அதிகாரத்தில் மெய்யே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொடக்கப் பக்கங்கள் உயிருள்ளவை. மானத்தைக் காக்கப் பொய் சொன்னது, கெஞ்சியது, சீறியது, வீட்டை விட்டு ஓடியது, திரும்பி வந்தது, கதவிலே காவலரையும் கடன்காரரையும் கண்டது எல்லாம் அங்கே இருக்கின்றன. பல மனைவியரின் வாய்மொழியைக் கேட்டவர் எழுதியது என்பது தெரிகிறது. குடிப்பது பற்றிக் கணவனுக்குக் கட்டளையிடாதே, நச்சரிக்காதே என்பதிலும் நடைமுறை அறிவு இருக்கிறது. தன் அன்பால் திருந்தாதவன் எவரோ ஓர் அயலாரின் பேச்சால் திருந்திவிட்டானே என்று மனைவிக்குள் எழும் மனக்குறையை அந்த அதிகாரம் கண்டு சொல்கிறது. அந்த இடம் கூர்மையானது. அதைக் கணவர் எழுதினார் என்பது வியப்பே.

ஆனால், மையக் கருத்து எது? சினம் கொள்ளாதே. பொறுமையே வெற்றிக்கு முதற்படி. அவன் மனம் நோகாமல் நட. அவன் மீண்டும் சறுக்கினால் தளராதே. எல்லா அறிவுரையும் ஒரே இலக்கை நோக்கி ஓடுகின்றன: அவன் நலமடைய வேண்டும்! அதற்கு அவள் கருவி. அவளுக்குத் தூக்கம் உண்டா, அவள் கையில் காசு உண்டா, அவள் உடம்பிலே காயம் உண்டா என்ற கேள்விகள் ஓரத்திலே ஒதுங்கி நிற்கின்றன. கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன் என்று நம் வீட்டுத் திண்ணையிலே முழங்கிய பழமொழி, கோட்டும் தொப்பியும் அணிந்து கடல்கடந்த நாட்டிலே உலவுகிறது! கூடையிலே கணவனைச் சுமந்து அவன் ஆசைப்பட்ட இடத்துக்கெல்லாம் கொண்டு சென்றாள் நளாயினி என்று கதை கட்டியவர்களுக்கு, இந்த அதிகாரம் அந்நியமாகப் படாது.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். கெட்ட எண்ணம் கொண்ட கணவன் இந்த அதிகாரத்தையே மனைவியின் தலைமேல் தடியாக ஓங்கக்கூடும் என்று அந்த அதிகாரமே எச்சரிக்கிறது! அத்தகையவனை விட்டு விலகுவது நலம் என்று கருதலாம் என்றும் சொல்கிறது. நேர்மையான வரிகள்தாம். ஆனால், 18 பக்க அதிகாரத்திலே அவை சில வரிகள். எத்தகைய ஆயுதத்தை வடிக்கிறோம் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆயினும் வடித்தே கொடுத்தார்.

பில் வில்சனை மட்டும் குறை கூறுவது அறமாகாது. அக்கால அறிஞர் உலகம் அவரினும் மோசம். 1953இல் தெல்மா வேலன் என்ற சமூகப் பணியாளர், குடிநோயரின் மனைவியரை நான்கு வகையாகப் பிரித்து ஆய்வேட்டிலே பெயர் சூட்டினார்: துன்புறும் சூசன், அடக்கியாளும் காதரின், அலைபாயும் வினிஃப்ரெட், தண்டிக்கும் பாலி! தன் உள்ளக் கோளாற்றின் தேவைக்கு ஏற்பவே இத்தகைய கணவனை அவள் தேடி மணந்தாள் என்பது அந்த வகைப்பாட்டின் அடிக்கருத்து. அழுதால் சூசன், கணக்குக் கேட்டால் காதரின், விட்டுச் சென்று திரும்பினால் வினிஃப்ரெட், எதிர்த்து நின்றால் பாலி. தப்ப வழியில்லை பெண்ணுக்கு! குடித்தவன் அவன், குற்றக் கூண்டிலே நிறுத்தப்பட்டவள் அவள்.

மறு ஆண்டே, 1954இல், ஜோன் ஜாக்சன் என்ற பெண் ஆய்வாளர் வேறு கண்ணால் பார்த்தார். சியாட்டில் நகரிலே குடிநோயரின் மனைவியர் கூடிப் பேசும் குழுவிலே அமர்ந்து கேட்டார். மறைத்தல், தடுக்க முயலுதல், குலைந்து போதல், அவனின்றியே வீட்டை நடத்தக் கற்றல் என்று ஏழு கட்டங்களாக ஒரு குடும்பம் நெருக்கடியை எதிர்கொள்வதை விவரித்தார். இதிலே நோய்பிடித்த மனைவி இல்லை. வெள்ளத்திலே வீட்டைக் காக்கப் போராடும் மனுஷி இருக்கிறாள். இந்த மாற்றம் எங்கிருந்து பிறந்தது? பெண்கள் பேசியதை ஒருவர் செவிமடுத்ததிலிருந்து!

பேசும் பழக்கமோ முன்பே தொடங்கிவிட்டது. ஆடவர் கூடத்திலே கூட்டம் நடத்த, மனைவியர் காப்பி கலந்து, பலகாரம் எடுத்து வைத்து, காத்திருந்தனர். காத்திருந்த இடத்திலேயே ஒருத்தி வாய் திறந்தாள். மற்றவள் "எனக்கும் அப்படித்தான்" என்றாள். லோயிசுக்கோ ஒரு செருப்பு பாடம் கற்பித்தது. கணவர் குடியை விட்ட பிறகு ஒருநாள், கூட்டத்துக்கு நேரமாயிற்று என்று அவர் விரைவுபடுத்த, உங்கள் கூட்டம் நாசமாய்ப் போக என்ற பொருள்பட வைதுவிட்டுச் செருப்பை வீசியெறிந்தார் லோயிஸ். குடிதான் நின்றுவிட்டதே, சினம் ஏன்? ஆண்டாண்டுகளாக அவரைக் காப்பதையே தம் வாழ்வாக்கிக் கொண்டிருந்தவர். அந்த வேலை பறிபோனதும் தமக்கென்று ஒரு வாழ்வு மிஞ்சவில்லை என்பதைக் கண்டார். பெண்ணின் சினத்தை அடக்கச் சொன்னது கணவர் எழுதிய அதிகாரம். அந்தச் சினத்தையே ஆராய்ந்து, அதிலிருந்து தொடங்கினார் மனைவி. எது பெரிய இலக்கியம் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

1951இல், தம் 60ஆம் வயதிலே, தோழி ஒருவருடன் சேர்ந்து, ஆங்காங்கே தாமாக முளைத்திருந்த 87 குடும்பக் குழுக்களுக்குக் கடிதம் எழுதினார் லோயிஸ். அதிலிருந்து உருவானதே 'அல்-அனான்'. குடிப்பவர் வருகிறாரா, திருந்தினாரா என்று அங்கே கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதே கேள்வி. அவன் குடிக்கு நீ காரணமல்ல. அதை உன்னால் அடக்கவும் முடியாது. ஆற்றவும் முடியாது என்ற மூன்று செய்திகளை அங்கே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். "நீ சரியாக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்?" என்று மாமியாரும் அக்கம்பக்கமும் குத்திக் குதறிய நெஞ்சுக்கு, இது சிறு மருந்தன்று.

பகுத்தறிவாளன் இங்கே ஓரிடத்தில் நிற்க வேண்டும். பன்னிரண்டு படிகள் என்ற அவர்களுடைய நெறியிலே, நான்கு படிகளில் கடவுள் பெயர் சொல்லியே அழைக்கப்படுகிறார். மனைவியரும் அதே படிகளை, கடைசிப் படியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி, ஏற்றுக்கொண்டனர். முதற்படியோ, எனக்கு ஆற்றலில்லை என்ற ஒப்புதல். குடிப்பவன் அதைச் சொல்வது ஒரு பொருள். பிறந்தது முதல் ஆற்றலில்லாதவள் என்றே சொல்லி வளர்க்கப்பட்டவள் அதைச் சொல்வது வேறு பொருள். அவனுடைய குடியின் மீது எனக்கு ஆற்றலில்லை என்று சொல்லட்டும். என் வாழ்வின் மீதும் இல்லை என்று வழுக்கிவிடும் ஆபத்து அங்கே உண்டு. அதற்காகக் கூட்டத்துக்கே போகாதே என்பேனா? மாட்டேன். அங்கே அவளைத் தாங்குவது மேலே இருப்பதாகச் சொல்லப்படும் ஒன்றா, பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவளா என்பதை அவளே கண்டுகொள்வாள்.

ஆய்வும் நமக்குத் துணை நிற்கிறது. 1999இல் மில்லர், மேயர்ஸ், டோனிகன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், சிகிச்சையை மறுத்த குடிநோயரின் குடும்பத்தார் 130 பேரை மூன்று வழிகளில் பயிற்றினர். 'கிராஃப்ட்' எனப்படும் பயிற்சியிலே, அவன் தெளிவாக இருக்கும்போது இணக்கம் காட்டவும், குடித்தபோது விலகவும், அவன் செய்ததன் விளைவை அவனே சுமக்க விடவும், தன் பாதுகாப்பை முதலில் பார்க்கவும், தக்க தருணத்தில் சிகிச்சையை எடுத்துரைக்கவும் கற்பிக்கிறார்கள். இவ்வழியில் 64 விழுக்காட்டினர் தம்மவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தனர். உறவினர் கூடி நேருக்குநேர் வற்புறுத்தும் வழியில் 30. அல்-அனான் வழியில் 13. ஆனால் குடும்பத்தாரின் சொந்தத் துயரோ மூன்று வழியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் தணிந்தது! அவன் வந்தானோ வரவில்லையோ, அவளுக்கு ஆறுதல் கிட்டியது. 'மனைவியருக்கு' அதிகாரம் காணத் தவறியது இதைத்தான்.

நம் இலக்கியத்துக்கு வருவோம். குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. பத்துக் குறளிலும் தேடிப் பார்த்தேன். ஈன்ற தாய் இருக்கிறாள், சான்றோர் இருக்கின்றனர், நாணம் என்ற நல்லாள் புறங்காட்டிப் போகிறாள், எள்ளி நகைக்கும் உள்ளூரார் இருக்கின்றனர். மனைவி இல்லை! எனினும், குடிமயக்கத்தில் இருப்பவனிடம் காரணம் காட்டி வாதிடுவது, நீருக்கடியில் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போன்றது என்ற கருத்து அங்கே இருக்கிறது. போதையில் இருப்பவனோடு வாதாடாதே என்று இன்றைய ஆலோசகர் மனைவியருக்குச் சொல்வதும் அதுவே.

பொறுமையின் பெயரால் வீட்டுக்குள் நடக்கும் வேறு சில செயல்களையும் குறிப்பிட வேண்டும். குடியை மறக்கடிக்கும் பொடி என்று விற்பதை வாங்கிக் குழம்பிலே இரகசியமாகக் கலப்பது உயிருக்கு உலை வைக்கும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம். அதற்கு மருத்துவமனை வேண்டும். அடி விழும் வீட்டிலோ, ஆறுதல் கூட்டம் போதாது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் வேண்டும்.

சென்னையிலே இதற்கொரு சான்று உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். நோயருக்கு மருத்துவம் என்பதோடு, குடும்பத்தாருக்கும் தனிப் பயிற்சி என்பது அங்கே நெறியாயிற்று. 1992இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. துயரப்பட்டவளே நிறுவனத்தை வடித்தபோது, குடும்பம் என்ற சொல்லுக்கு அங்கே இடம் கிடைத்தது.

எட்டாம் அதிகாரத்துக்கோ, பிற்பதிப்புகளில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார்கள். 1939இல் அமைப்பில் பெண்கள் குறைவு; ஆகவே குடிப்பவர் கணவரே என்று கொண்டு எழுதப்பட்டது என்று அது விளக்குகிறது. யார் எழுதினார் என்பதை அந்தக் குறிப்பும் சொல்லவில்லை. நம் படிப்பக இளைஞர்கள் இந்நூலைக் கையில் எடுத்தால், 1979இல் லோயிஸ் தாமே எழுதி வெளியிட்ட தன்வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன். 40 ஆண்டுகள் தாமதமாக வந்தது அது.