ஆட்டம் நின்ற காலத்து விசுவாசம்

ஐ.பி.எல். பருவமோ சென்னையின் ஆட்டமோ நின்றுபோகும் போதெல்லாம் இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட் பக்கம் சென்னை சூப்பர் கிங்ஸைப் பற்றிய பேச்சு கூடுகிறதே தவிர குறைவதில்லை. 2016, 2017 பருவங்களுக்கு அணிமீது விதித்த தடை, 2020இல் கொரோனா, 2025 மே மாதம் இந்திய-பாகிஸ்தான் மோதலால் வந்த ஒரு வார நிறுத்தம் என எதுவும் அந்தப் பேச்சுக்குத் தடையாகவில்லை. ஆட்டமே இல்லாத காலத்திலும் அணியை விடாதவன்தான் அசல் ரசிகன் என்று இதைக் கொண்டாடுகிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. காலையில் பிரட்டுக்கு நின்று, பின்னேரம் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர்களும் ஓட்டோ ஸ்டாண்டில் காத்திருக்கிற பிள்ளைகளும் தொழிற்சங்கக் கொடியின் நிறம் பாராமல் ஒன்றாகப் பேசுவதற்கு ஒரு விஷயம் வேண்டும். தோட்டத்துக்கு வந்த பரம்பரையில் பிறந்த முரளிதரன் 2008 முதல் 2010 வரை சென்னைக்காகப் பந்து வீசியதால், அந்த உறவு வெறும் தொலைக்காட்சி உறவும் அல்ல. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் ஆட்சேபம் வேறு. ஆட்டம் நடக்கும்போது ரசிகனுக்கு யோசிக்க நேரமில்லை. அடுத்த ஓவர் வந்துவிடுகிறது. ஆட்டம் நிற்கும்போதுதான் அணியை நிதானமாக எடைபோட முடியும். அந்த நேரத்தையும் நம் பேச்சு பழைய சிக்ஸர்களை எண்ணியே தீர்த்துவிடுகிறது. 2020ஐப் பாருங்கள். மார்ச் 29இல் தொடங்கவேண்டிய போட்டி செப்டம்பர் 19இல்தான் அமீரகத்தில் தொடங்கியது. ஏறக்குறைய ஆறு மாதம் பேச்சுக்குக் கிடைத்தது. முதன்மை ஆட்டக்காரர்களில் பலர் முப்பதைக் கடந்த அணி அது. அந்த மாதங்களின் பேச்சோ தோனி திரும்பி வருவார் என்பதையே சுற்றிச் சுற்றி வந்தது. முடிவில் ஏழாம் இடம். ஆடிய பருவங்களில் முதல் தடவையாகப் பிளே ஓஃப் வாய்ப்பும் போனது.

அது ஆட்டக் கணக்கில் போனது என்று விட்டுவிடலாம். 2015 ஜூலை 14இல் லோதா குழு விதித்த இரண்டாண்டுத் தடையை அப்படி விடமுடியாது. அணியின் நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பன் சூதாட்டப் பந்தயம் கட்டியதற்காக வந்த தண்டனை அது. அவர் அணியின் அதிகாரி அல்ல, வெறும் ஆர்வலர்தான் என்று அணி உரிமையாளர் தரப்பில் இருந்த மாமனார் ஸ்ரீனிவாசன் சொன்ன கதையை விசாரணை நடத்திய முட்கல் குழு ஏற்கவில்லை. நம் ரசிகர் பேச்சில் இந்தத் தடை என்னவாகிப்போனது? வனவாசமாகிப்போனது. ராமனுக்கு யாரோ செய்த சதி. அந்த இரண்டு வருடமும் தோனிக்காகப் புனேயின் பின்னாலும் ரெய்னாவுக்காக குஜராத் லயன்ஸின் பின்னாலும் போன பேச்சு, பந்தயம் கட்டியவர் யார், அணி யாருடைய சொத்து என்ற பக்கம் போகவே இல்லை. 2018 மே 27இல் வாட்சன் 117 அடித்துக் கிண்ணம் வென்றதும் தண்டனையே தப்பு என்று நிரூபணமாகிவிட்டதுபோல் கொண்டாடினார்கள். ஆட்டக்காரர்கள் குற்றம் செய்யவில்லையே என்பார்கள். சரிதான். ஆனால் அந்தக் கிண்ணம் குற்றமற்ற ஆட்டக்காரர்களோடு உரிமையாளரையும் சேர்த்துக் கழுவிவிட்டதே.

நாள் முழுக்க உடம்பு நோக உழைத்தவன் பொழுதுபோக்கிலும் கணக்குப் பார்க்க வேண்டுமா என்பது அடுத்த எதிர்வாதம். 2023 நவம்பரைச் சொல்லித்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். உலகக் கிண்ணத்தில் இலங்கை இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்ட பிறகு விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார், நீதிமன்றம் அந்தக் கலைப்பை இடைநிறுத்தியது, நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது, நவம்பர் 10இல் ஐ.சி.சி. இலங்கை கிரிக்கெட்டின் அங்கத்துவத்தையே இடைநிறுத்தியது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணமும் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. அப்போது தேத்தண்ணிக் கடையில் கேட்ட பேச்சில் சபையின் காசு எங்கே போகிறது என்ற கேள்விதான் முன்னால் நின்றது. கணக்குக் கேட்க நம்மவர்களுக்குத் தெரியாதென்று சொல்ல முடியாது. சென்னையிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு அதிகம் உறுத்துவது 2013. அந்த மார்ச் மாதம், தமிழக முதலமைச்சர் ஜெயலலிதாவின் எதிர்ப்பை அடுத்து, சென்னையில் நடக்கும் ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர் எவரும் ஆடக்கூடாதென்று முடிவானது. நுவன் குலசேகரவும் அகில தனஞ்சயவும் அந்த ஆண்டு சென்னை அணியிலேயே இருந்தவர்கள். பத்து வருடம் கழித்து அதே சென்னையின் சேப்பாக்கம் மைதானம் கண்டியின் பத்திரனவுக்குக் கைதட்டியது. அன்றைய முடிவை ஏற்பவர்கள் ஏற்கட்டும், மறுப்பவர்கள் மறுக்கட்டும். இலங்கையராகவும் தமிழராகவும் சென்னை ரசிகராகவும் ஒரே நேரத்தில் இருக்கிற மலையகத்தாரைவிட இதைப் பேசும் உரிமை வேறு யாருக்கு இருக்கிறது? இரண்டு வருடத் தடைக்காலத்தில் அதற்கு ஒரு மாலைப்பொழுதுகூடக் கிடைக்கவில்லை. அடுத்த தடவை பருவம் நின்றால், கிரிக்கெட் சபையிடம் கேட்ட கேள்விகளைச் சென்னை அணியிடமும் கேளுங்கள். அதுவரை இந்த விசுவாசத்தைப் புகழ என்னால் முடியாது.