ஜூனில் எழுதிய மார்ச்

பள்ளி திறந்த முதல் வாரத்தில், பிள்ளைகள் முழுதாக வந்து சேரும் முன்பே, அடுத்த மார்ச் இரண்டாம் வாரத்தில் என்ன நடத்துவேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். நீள நோட்டு, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. மாதம், வாரம், பாடம், பாடவேளை, கற்றல் விளைவு என்று கட்டங்கள். தலைமையாசிரியர் கையெழுத்திட்டு முத்திரை குத்துவார். காவிரிக் கடைமடையில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் பல ஆண்டுகள் இதைச் செய்தவன் நான். அந்த நோட்டு முழுப் பொய்யும் இல்லை, முழு மெய்யும் இல்லை. வாசிப்பு, எழுத்து, சமூக அறிவியல் ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் ஓட்டப் பார்ப்பதுதான் அதன் கோளாறு. மூன்றும் மூன்று விதமாக நடப்பவை.

முதலில் கணக்கு. கல்வி உரிமைச் சட்டம், 2009, ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்கிறது. நாளுக்கு நாலு மணி நேரம், கேட்க நிறையத்தான். அதே சட்டம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்றும் சொல்கிறது. ஐந்து வகுப்பை இருவர் பங்கு போட்டால் ஒருவர் தலையில் மூன்று வகுப்பு விழும். 40 நிமிடப் பாடவேளையை மூன்றாக வகுத்தால் வகுப்புக்கு 13 நிமிடம். பருவத் தேர்வு, மழை விடுமுறை, குறுவளமையப் பயிற்சி, எமிஸ் இணையதளப் பதிவு எல்லாம் போக மிச்சம்தான் பாடம். இந்தக் கணக்கைப் பார்க்காத ஆசிரியர் ஆகஸ்டு வரை கதை சொல்லிக்கொண்டிருப்பார். நானும் இருந்திருக்கிறேன். அந்த வருடம் சமூக அறிவியல் ஏப்ரலில் ஏழெட்டு நாளில் ‘முடிந்தது’.

ஆண்டுத் திட்டத்தை நான் மதிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். வரிசையில் கடைசியாக நிற்கும் பாடத்துக்கும் அது ஓர் இடம் போட்டு வைக்கிறது. இன்னொன்று, கலந்தாய்வில் மாறுதல் கிடைத்து ஆசிரியர் நடுவருடத்தில் போய்விட்டால், அடுத்து வருபவருக்குப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்ல வேறு ஆதாரம் கிடையாது. “பேப்பர் வேலை” என்று திட்டும் நண்பர்கள் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாடு ஒருமுறை தேதியையே தூக்கிப் போட்டுப் பார்த்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்க முதல் நான்கு வகுப்புகளுக்கு வந்த செயல்வழிக் கற்றல் அது. சுவரில் ஏணிப்படி, அலமாரியில் அட்டைகள், தரையோரம் பிள்ளைகள் கைக்கு எட்டும் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நிற்கும்; அடுத்த படிக்குத் தன் வேகத்தில் ஏறும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை யாரும் இழுத்துக்கொண்டு ஓடவில்லை என்பது சின்ன லாபம் இல்லை. ஆனால் பிள்ளை அட்டையோடு தனியாக உட்கார்ந்துவிட்டது. வகுப்பே கூடி ஒன்றைப் பேசுவதும் கேட்பதும் குறைந்தன. பேச்சு குறைந்த இடத்தில் சமூக அறிவியல் எப்படி முளைக்கும்? 2012-13-ல் முப்பருவ முறை வந்ததும் தேதி திரும்பி வந்தது. புத்தக மூட்டை இளைத்தது, சரி. முதல் பருவப் புத்தகத்தையே எழுத்துக்கூட்டி முடிக்காத பிள்ளையின் கையில் அக்டோபரில் இரண்டாம் பருவப் புத்தகம் வந்து விழுந்தது.

அப்படி ஒரு பையன் என் மூன்றாம் வகுப்பில் இருந்தான். பாடத்தைக் கடகடவென்று ‘வாசிப்பான்’. விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும். ஒருநாள் மற்ற சொற்களைக் கையால் மறைத்துவிட்டு ‘கொக்கு’ என்ற ஒரு சொல்லை மட்டும் காட்டினேன். “கெ… கா…” என்று இழுத்தான். அவன் மேல் தப்பில்லை. ‘கொ’ என்ற ஓர் ஒலிக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து. கண் இடமிருந்து வலம் போகிறது. காது மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. என் நோட்டில் அந்த வாரத்துக்கு ‘படித்துப் பொருளுணர்தல்’ என்று எழுதியிருந்தது. அவனுக்குக் கொம்பும் காலும் நவம்பரில்தான் பிடிபட்டன. அதற்குள் நோட்டு எங்கோ போய்விட்டிருந்தது.

வாசிப்புக்குப் பாடத்தை வாரத்தோடு கட்டக்கூடாது, நேரத்தை நாளோடு கட்ட வேண்டும் என்பது அவனிடம் நான் கற்றது. தினமும் காலை ஒரு பாடவேளை, யார் வந்தாலும் போனாலும் வாசிப்பு. அதில் வகுப்பு கிடையாது, நிலைதான் உண்டு. மூன்று வகுப்பையும் கலைத்து, எழுத்து தெரியாதவர், சொல் கூட்டுபவர், தானே படிப்பவர் என்று உட்கார வைத்தால், 13 நிமிடத் துண்டுகள் சேர்ந்து முழு 40 நிமிடமாகிவிடுகின்றன. ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் வைத்தே படம், பட்டம், மடம், மட்டம் என்று படிக்கத் தொடங்கலாம். 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கையில் நிலையைக் கொடுத்துவிட்டு, மறு கையில் நாள்வாரிக் கையேட்டையும் செல்பேசியில் மதிப்பீட்டையும் கொடுத்தார்கள். படித்துக் காட்டும் பிள்ளையின் வாயைப் பார்ப்பதா, திரை சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்ப்பதா? தவிர, திட்டத்தின் பெயரிலேயே இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். சமூக அறிவியல் வழக்கம்போல வாசலில் நின்றது.

எழுத்து இன்னொரு கதை. ஆண்டுத் திட்டங்களில் ‘எழுதுதல்’ என்ற கட்டத்தில் நாம் நிரப்புவது பார்த்து எழுதுதல், சொல்வதை எழுதுதல், கேள்வி-பதில், இரட்டைக்கோடு நோட்டு. முத்து முத்தான கையெழுத்தில், சொந்தமாக ஒரு வரிகூட இல்லாத நோட்டுகள் எத்தனை பார்த்திருக்கிறேன்! சொந்தமாக எழுதச் சொன்னபோது ஒரு பெண் எழுதினாள்: “எங்க ஆயா வாத்து மேய்க்குது. ஒரு வாத்து நொண்டி.” இதில் சிவப்பு மை எங்கே போடுவது? பேச்சுத் தமிழ் ஒன்று, எழுத்துத் தமிழ் ஒன்று என்ற நம் மொழியில், திருத்தம் எப்போது தொடங்க வேண்டும் என்பதே திட்டமிட வேண்டிய விஷயம். நான் முதல் பருவம் முழுக்க ‘மேய்க்குது’வைத் தொடமாட்டேன். இரண்டாம் பருவத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுவேன். ‘மேய்க்கிறார்’ மூன்றாம் பருவத்தில் தானாக வரும். வராவிட்டால் அப்போது கேட்பேன். எழுத்துக்கு ஆண்டு முழுவதையும் பார்க்கும் திட்டம் அவசியம் தேவை, ஆனால் அதில் இருக்க வேண்டியது பாட எண்கள் அல்ல, ஆசிரியர் எதைப் பொறுத்துக்கொள்வார், எப்போதுவரை என்பதுதான்.

சமூக அறிவியலுக்கு வருகிறேன். ஒரு வருடம் நீர்நிலைகள் பற்றிய பாடம் என் அட்டவணைப்படி பிப்ரவரியில் வந்தது. பிள்ளைகளை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனேன். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் என்று டெல்டாவில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காய்ந்த வாய்க்காலில் இறங்கி நின்றுகொண்டு ஒருவன் கேட்டான், “சார், இதை தண்ணி வந்தப்பவே காட்டியிருக்கலாம்ல?” என்னிடம் பதில் இல்லை. வாசிப்பு பிள்ளையின் வேகத்தில் போகும். சமூக அறிவியல் ஊரின் நாட்காட்டியில் போகும். மடை திறக்கும் வாரத்தில் ஆறு, நடவு நாளில் தொழில், அறுவடையில் சந்தை என்று வைத்தால் பாதிப் பாடத்தை ஊரே நடத்திவிடும்.

இதிலும் ஓட்டை உண்டு, மறைப்பதற்கில்லை. ஆறு என் நோட்டைப் படித்துவிட்டு வருவதில்லை: 2022-ல் மே 24-லேயே அணையைத் திறந்துவிட்டார்கள், அப்போது பள்ளி விடுமுறை, 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. பருவத் தேர்வுத் தாள் கடைமடைக்கும் கொடைக்கானலுக்கும் ஒன்றாகவே வரும். வரிசையை மாற்றினால் நடத்தாத பாடத்தில் கேள்வி வந்து நிற்கும். வாய்க்காலை மட்டுமே பார்த்த பிள்ளைக்கு மலையும் நகரமும் தெரியாமல் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் நான் முழு வரிசையையும் கலைப்பதில்லை. ஒரு பருவத்துக்குள்ளேயே பாடங்களை முன்பின் நகர்த்துவேன். பருவம் தாண்டிய விஷயம் என்றால், ஊரில் அது நடக்கும்போது பேசிவிட்டு, புத்தகம் வரும்போது நினைவுபடுத்துவேன்.

எல்லா ஊருக்கும் ஒரே தேதியில் வருவதும் ஒன்று உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். உள்ளாட்சிப் பாடத்தை இவற்றில் ஒன்றோடு கட்டாத ஆண்டுத் திட்டம் எனக்குப் புரிவதே இல்லை. என்னிடம் நான்கும் ஐந்தும் இருந்த ஒரு வருடம் ஆகஸ்டு 15-க்கு முந்தைய வாரம் அதை வைத்தேன். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த கூட்ட அறிவிப்பைப் பிள்ளைகள் வாசித்தார்கள். ‘தீர்மானம்’ என்ற சொல்லில் எல்லாரும் தடுக்கினார்கள். பிறகு பள்ளிக்குப் பின்னால் எரியாத தெருவிளக்கு பற்றி ஒரு மனு. மூன்று தடவை எழுதினார்கள். முதல் தடவை “லைட் எரியல, பயமா இருக்கு” என்று மட்டும் இருந்தது. கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு இரண்டு பேர் கூட்டத்தில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். விளக்கு தீபாவளிக்குப் பக்கத்தில்தான் எரிந்தது.

கிராம சபைக்கு மறுநாள் வேலைத்திட்டப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த மனு வேலையைத் தமிழில் கடிதம் எழுதுதலில் போடுவதா, வாசிப்பில் போடுவதா, சமூக அறிவியலில் போடுவதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மூணுலயும் எழுதுங்க சார். மூணு பீரியட்டுனு எழுதுங்க. ஒரே நேரத்துல நடந்துச்சுன்னு மட்டும் காட்டாதீங்க, ஆண்டாய்வுல கேப்பாங்க.”