மதிப்பெண்ணுக்குக் கூலி

தமிழ் எம்.ஏ.வில் திறனாய்வுத் தாள் எழுதிய எல்லோருக்கும் மேத்யூ ஆர்னால்டைத் தெரியும். கவிதைக்கு உரைகல் தேடிய ஆங்கில விமர்சகர் என்று குறிப்பெழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். அந்த மனிதர் 1851 முதல் 1886 வரை 35 வருஷம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறைகளைச் சுற்றிவந்தவர் என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. நமக்கு வேண்டிய ஆர்னால்டு உரைகல்லில் இல்லை, அவருடைய பள்ளி அறிக்கைகளில் இருக்கிறார் என்பேன்.

1862இல் ராபர்ட் லோ என்கிற கல்வி அமைச்சர் இங்கிலாந்தில் ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார். அதுவரை ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசே நேரடியாகத் தந்தது. அது நின்றது. பிள்ளை பள்ளிக்கு வந்தால் 4 ஷில்லிங், தேர்வில் தேறினால் 8 ஷில்லிங் என மானியம் பள்ளி நிர்வாகத்துக்குப் போனது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் ஒன்றில் தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. நிர்வாகம் அந்த வெட்டை வாத்தியார் தலையில் இறக்கியது. தொழிலாளிக்கு ஓட்டுரிமை கூடாது என்று 1866இல் பாராளுமன்றத்தில் வாதாடியவரும் இதே லோதான். ஓட்டும் கூடாது, மூன்று பாடத்துக்கு மேல் படிப்பும் வேண்டாம். இரண்டும் ஒரே மூளையில் பிறந்தவை.

தன் துறைத் தலைவரை எதிர்த்தே ஆர்னால்டு எழுதினார். வாசிப்புப் புத்தகத்தை முழுசாக மனப்பாடம் செய்துவிட்டு, வாசிக்கத் தெரியாமலே பிள்ளைகள் வாசிப்பில் தேறுவதை அறிக்கையில் போட்டார். ஆனால் அவர் விமர்சனத்துக்கு ஓர் எல்லை உண்டு. கல்வி இயந்திரமாகிறதே என்பது அவர் கவலை. அந்த இயந்திரத்தில் முதலில் அரைபடுவது யார் பிள்ளை என்பது நம் கேள்வி. நடவுக்கும் அறுப்புக்கும் போய்விட்டு வருகிற பிள்ளை, வாத்தியார் கணக்கில் நஷ்டம். நஷ்டத்தைக் கடைசி பெஞ்சில் தள்ளுவதற்குத் தனிச் சட்டம் எதுக்கு?

இங்கிலாந்து கைவிட்ட பின்னும் சென்னை மாகாணத்தில் இந்த முறை நீடித்தது. திண்ணைப் பள்ளிகள் வரை தேர்ச்சிக்குத் தக்க மானியம். 1904இல் கர்சன் அரசின் கல்வித் தீர்மானமே இது வேண்டாம் என்றது. வெள்ளைக்காரனே விட்டதைப் புதுச் சரக்காக இன்று நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவின் அட்லாண்டாவைப் பாருங்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பர். இலக்கை எட்டிய பள்ளிக்கு ஊக்கத்தொகை, எட்டாதவர் வேலைக்கு ஆபத்து. மதிப்பெண் ஏறியது. கல்வித்துறைத் தலைவி பெவர்லி ஹால் 2009இல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் விருது வாங்கினார். 2011இல் மாநில விசாரணை அறிக்கை வந்தது. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு. சிக்கியவர்கள் 178 பேர், அதில் 38 பேர் தலைமையாசிரியர்கள். பிள்ளை எழுதிய தப்பான விடையை ரப்பரால் அழித்து ஆசிரியர்களே சரியான விடையைக் குறித்திருந்தார்கள். மாஃபியா கும்பலைப் பிடிக்கப் போட்ட சட்டத்தின்கீழ் 2015இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. தண்டனை பெற்றவர்களும் பெரும்பாலும் கறுப்பர்களே. பெவர்லி ஹால் விசாரணைக்கு வராமலே அந்த ஆண்டு இறந்துபோனார்.

பத்திரிகைகள் ஆசிரியர்களின் ஒழுக்கத்தைப் பேசின. பிள்ளைக்கு என்ன ஆச்சு? வாசிக்கத் தெரியாத பிள்ளை தாளில் 'தேர்ச்சி' ஆனதும், அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய தனி வகுப்பும் உதவியும் போச்சு. உதவி கேட்கும் உரிமையையே அந்த ரப்பர் அழித்துவிட்டது. திருட்டில் பெரிய திருட்டு இதுதான்.

"சம்பளத்துல கை வச்சாத்தான் சேரிப் புள்ளைக்குச் சொல்லிக்குடுப்பான்" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. பிள்ளையைத் தொடக் கூசுகிற வாத்தியாரை நாமும் பார்த்திருக்கிறோம். ஆந்திராவில் 2005இல் தொடங்கிய ஆய்வு ஒன்றையும் மறைக்கத் தேவையில்லை. சுமார் 3 சதவீத ஊக்கத்தொகை தந்தபோது அங்கே கிராமப் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண் நிஜமாகவே கூடியது. ஆனால் அங்கே தந்தது கூடுதல் பணம், யார் சம்பளத்தையும் வெட்டவில்லை. தேர்வை நடத்தியதும் வெளியார். அப்போதும் ஆசிரியர் பள்ளிக்கு வருவது கூடவில்லை. வருகிறவர் கொஞ்சம் அதிகம் சொல்லித்தந்தார், அவ்வளவே.

சாதித் திமிருக்கு மருந்து சம்பள வெட்டில் இல்லை. வெட்டுக்குப் பயந்தவன் நம் பிள்ளையை நேசிக்கமாட்டான், பேரை எடுத்துவிடத்தான் வழி தேடுவான். பள்ளிக்கு வராத ஆசிரியர்மேலும், சாதி சொல்லி ஒதுக்குகிறவர்மேலும் நடவடிக்கை எடு என்போம். அதற்குப் பிள்ளையின் மதிப்பெண் சாட்சியாக வேண்டியதில்லை. தேர்வு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குறைந்த மதிப்பெண் வந்தால் அந்தப் பள்ளிக்கு இன்னொரு ஆசிரியர் வரவேண்டும். ஊர்ச்சோறு கேட்டு நின்ற காலம் போகட்டும். இது பிச்சை இல்லை, நமக்குச் சேரவேண்டிய பாக்கி.