தங்கத் தட்டும் தகரத் தட்டும்: பாகவதர் வாழ்க்கையை எழுதுவது பற்றிச் சில குறிப்புகள்

1

எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றித் தமிழில் வந்திருப்பவற்றை வரிசையாக வைத்துக்கொண்டு படிக்கிறவருக்குச் சீக்கிரமே சலிப்புத் தட்டிவிடும். தீபாவளி மலர்க் கட்டுரை, பத்திரிகைத் தொடர், இன்றைக்குக் கைபேசியில் ஓடும் பத்து நிமிஷப் பேச்சு என்று வடிவம் மாறுகிறதே தவிர சட்டகம் ஒன்றுதான். ஏழைப் பையன் பாடினான், உயர்ந்தான். தங்கத் தட்டில் சாப்பிட்டான். கொலை வழக்கில் சிக்கிச் சிறைக்குப் போனான். திரும்பி வந்தபோது எல்லாம் போயிருந்தது. கடைசியில் பார்வை மங்கிக் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவர் கையில், யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்துக் காசு போட்டார்கள். பெருமூச்சு. விதி.

இந்தக் காசு எந்தக் கோயிலில் போடப்பட்டது என்பது சொல்கிறவருக்குச் சொல்கிறவர் மாறும். மாறிவிட்டுப் போகட்டும். நடந்ததா இல்லையா என்று துப்புத் துலக்குவது இங்கே நோக்கமில்லை. ஒரு நடிகனின் வாழ்க்கையை ஆராய வருகிறவனுக்கு முதலில் கிடைப்பது இப்படிப்பட்ட ஒரு கதையாடல்தான். அதன் உள்கட்டமைப்பைப் பிரித்துப் பார்க்காமல் தகவல் சேர்க்கக் கிளம்பினால், சேர்க்கிற ஒவ்வொரு தகவலும் அந்தக் கதைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

2

அந்தக் கதை எங்கிருந்து வந்தது? வேறெங்கும் போக வேண்டாம், அவர் படங்களிலிருந்தே வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. 1934இல் ‘பவளக்கொடி’ தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் 1960இல் வெளிவந்த ‘சிவகாமி’ வரை மொத்தம் பதினான்கு படங்கள். அவற்றில் பெயர் பெற்றவற்றின் கதைகளை மட்டும் பாருங்கள். ‘திருநீலகண்டர்’ (1939): தாசி வீட்டுக்குப் போன குற்றம், மனைவியின் சபதம், முதுமை, பின்பு திரும்பி வரும் இளமை. ‘அசோக் குமார்’ (1941): செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்து கண் இழக்கும் இளவரசன் குணாளன், கடைசியில் பார்வை மீள்கிறது. ‘சிவகவி’ (1943): முருகனைப் பாடமாட்டேன் என்ற புலவனின் செருக்கு அடங்குகிறது. ‘ஹரிதாஸ்’ (1944): தாய் தகப்பனை உதைத்துத் தள்ளிய சுகவாசி கால் இழந்து, திருந்தி, காலைத் திரும்பப் பெறுகிறான்.

செருக்கு, பழி, உறுப்பிழப்பு, மீட்பு. வாழ்க்கைக் கதையிலும் இதே வரிசைதான், மீட்பு மட்டும் இல்லை. படத்தில் கண் போன குணாளனைத் தெருவில் பாடிக்கொண்டு போகப் பார்த்த ஜனங்கள், கோயில் வாசலில் பார்வை மங்கிய பாகவதரைக் கற்பனை செய்துகொள்வதற்கு எவ்வளவு தூரம் போக வேண்டும்? பார்வையாளர்கள் ஏற்கெனவே கையில் வைத்திருந்த பிரதியை நடிகனின் உடல்மேல் எழுதினார்கள்.

இன்னும் பின்னால் போகலாம். சிறுவன் தியாகராஜன் திருச்சியில் எஃப்.ஜி. நடேசய்யரின் நாடகத்தில் முதலில் போட்ட வேஷம் அரிச்சந்திரனின் மகன் லோகிதாசன். செங்கல்பட்டு வட்டாரத்துக் கிராமங்களில் அரிச்சந்திரன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சிம்மாசனத்திலிருந்து சுடுகாட்டுக்கு இறங்கும் ராஜா புதியவன் அல்ல. கேளம்பாக்கத்தில் உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்களிடம் டீக்கடையில் பாகவதர் பேச்சை எடுத்தால், “எப்டி இருந்த மனுசன் தெரியுமா?” என்றுதான் தொடங்குகிறார்கள். சொல்லும் தொனி கூத்துக்காரரின் தொனி. படம் பார்த்தவர்கள் அவர்களில் குறைவு, கதை கேட்டவர்களே அதிகம். வாய்மொழி வரலாறு என்று ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரியவர் தருவது பாகவதரைப் பற்றிய சாட்சியம் அல்ல. வீழ்ச்சி என்ற ஒன்றை ஒரு சமூகம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதற்கான சாட்சியம். அந்த வகையில் அது விலை மதிக்க முடியாதது.

அந்தத் தங்கத் தட்டையே எடுத்துக்கொள்வோம். மாயவரத்தில் 1910இல் பிறந்த தியாகராஜன் பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. தங்கத்தை உருக்கியும் தட்டியும் பிறருக்கு நகை செய்து கொடுத்த சாதியில் பிறந்தவன் அதே தங்கத்தில் சோறு போட்டுத் தின்றான் என்பதுதான் கதைக்குள் ஒளிந்திருக்கிற அதிர்ச்சி. தங்கத் தட்டைச் சொல்கிறவர்கள் பொற்கொல்லரைச் சொல்வதில்லை. ‘பாகவதர்’ என்ற பட்டத்துக்கும் இது பொருந்தும். பெரும்பாலும் பிராமண வித்வான்களுக்கும் கதாகாலட்சேபக்காரர்களுக்கும் வழங்கிவந்த அந்தப் பெயர் ஒரு பத்தர் வீட்டுப் பையனின் அடையாளமாகவே ஆனது, சபாவுக்குள் நுழைய முடியாத ஜனங்கள் கர்நாடக ராகங்களை முணுமுணுத்தபடி கொட்டகையை விட்டு வெளியே வந்தது, இரண்டும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள். தமிழர்கள் சாதி வித்தியாசம் இல்லாமல் ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை என்றார் சிவத்தம்பி. அந்தக் கூரையின் கீழ் ஒலித்த குரல் யாருடையது என்று கேட்கும்போது வரலாறு தொடங்குகிறது. தங்கத் தட்டு தகரத் தட்டாக மாறியதைச் சொல்லி உச்சுக்கொட்டும்போது, மேலே ஏறியவன் இருந்த இடத்துக்கே திரும்பிவிட்டான் என்ற ஒரு திருப்தியும் அதில் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படலாம்.

3

இனி வழக்குக்கு வருவோம். சினிமாக்காரர்களின் அந்தரங்கங்களை எழுதிப் பிழைத்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் 1944 நவம்பர் 8 அன்று கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். ‘ஹரிதாஸ்’ வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளி கண்டது. அதன் நாயகனோ அதற்குள் கைதி. 1945 மே மாதம் பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. லண்டன் பிரிவி கவுன்சில் அதை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை.

இதற்கப்புறம் அவர் விழுந்தார், காரணம் சிறை என்பது வழக்கமான முடிவு. இங்கேதான் ஆராய்ச்சி விழித்துக்கொள்ள வேண்டும். அதே வழக்கு, அதே தண்டனை, அதே நாளில் விடுதலை பெற்ற கிருஷ்ணனுக்கு என்ன ஆச்சு? 1949இல் அண்ணாதுரையின் எழுத்தில் ‘நல்ல தம்பி’. 1951இல் ‘மணமகள்’, 1952இல் ‘பணம்’ என்று கருணாநிதியின் வசனத்தில் இரண்டு படங்களை அவரே இயக்கினார். 1957இல் மறையும் வரை கலைவாணராகவே இருந்தார். ஆக, சிறை மட்டும் ஒரு நடிகனை அழித்துவிடவில்லை.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். டி.ஆர். மகாலிங்கம் ஜெயிலுக்குப் போனவர் இல்லை. ‘ஸ்ரீவள்ளி’ (1945), ‘நாம் இருவர்’ (1947) என்று கொடிகட்டிப் பறந்த பாட்டு நாயகன். ஐம்பதுகளில் அவரும் சறுக்கினார். 1958இல் கண்ணதாசனின் ‘மாலையிட்ட மங்கை’ வரும்வரை எழுந்திருக்க முடியவில்லை. சிறைக்குப் போன பேச்சுக்காரர் மீள்கிறார், போகாத பாட்டுக்காரர் தடுமாறுகிறார் என்றால் காரணத்தைச் சிறைக்கு வெளியே தேட வேண்டாமா?

‘பவளக்கொடி’யில் ஐம்பது பாட்டுக்கள் அளவில் இருந்தன. அங்கே நடிப்பு என்பது பாடுவது. உடலும் குரலும் பிரியாத ஒரு மனிதனைத் திரையில் பார்ப்பதுதான் அன்றைய சினிமா அனுபவம். பாபநாசம் சிவன் எழுதிய சாகித்யம் அந்த ஒருமைக்காகவே வார்க்கப்பட்டது. அதே ‘ஸ்ரீவள்ளி’ படத்தில், நாயகி ருக்மணியின் பாட்டுக்களை நீக்கிவிட்டு பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார் ஏவி. மெய்யப்பன். குரலை உடலிலிருந்து கழற்றி வேறொரு உடலில் மாட்ட முடியும் என்று ஆகிவிட்டது. பாகவதர் வெளியே வந்த 1947இல் ‘ராஜகுமாரி’யில் நாயகனாக ஏறிய எம்.ஜி.ஆருக்கு வேறொருவர் பாடினார். ‘பராசக்தி’ (1952) இதை முடித்துவைத்தது. சிவாஜி கணேசனின் சொந்தக் குரல் வசனத்துக்கு, பாட்டுக்கு சி.எஸ். ஜெயராமனின் குரல். அதே ஆண்டில்தான் பாகவதரின் ‘அமரகவி’யும் ‘சியாமளா’வும் வந்தன. நீதிமன்றத்தில் குணசேகரன் பேசுவதைக் கேட்டுக் கைதட்டிய கூட்டத்துக்கு, நின்று ஆலாபனை செய்யும் நாயகன் முந்தைய தலைமுறை ஆளாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இதற்கு விதி என்று பெயர் வைப்பது சௌகரியம். தொழில்நுட்பம், ஸ்டூடியோ முதலாளியின் கணக்கு, பேச்சை அரசியலாக்கிய இயக்கம் ஆகிய மூன்றையும் விசாரிக்காமல் தப்பவிட்டு, குற்றத்தை ஒரு தனிமனிதனின் செருக்கின்மேல் போட்டுவிடலாம். கிருஷ்ணனைப் பற்றிய கதைகள் ‘வள்ளல்’ என்ற சட்டகத்திலும் பாகவதரின் கதை ‘ஆணவம்’ என்ற சட்டகத்திலும் ஓடுவது இதனால்தான். கொலையுண்ட லட்சுமிகாந்தனோ இரண்டு கதைகளிலும் வெறும் வில்லன். ஒரு மனிதன் பட்டப்பகலில் தெருவில் குத்துப்பட்டுச் செத்தான் என்ற உண்மை, தங்கத் தட்டின் பளபளப்பில் யார் கண்ணிலும் படுவதில்லை.

4

விழுந்தவர் சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. கச்சேரி செய்தார். புனாவுக்குப் போய் ‘ராஜமுக்தி’ (1948) எடுத்தார். 1957இல் ‘புதுவாழ்வு’ படத்தைத் தானே இயக்கினார். 1959 நவம்பர் 1 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தபோது வயது ஐம்பதுகூட நிறையவில்லை. பன்னிரண்டு வருஷம் வேலை செய்த ஒருவனை, கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவனாக மட்டும் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

‘ராஜமுக்தி’ என்றதும் சிற்றிதழ் வாசகருக்கு வேறொரு பெயர் ஞாபகம் வரும். அந்தப் படத்துக்கு வசனம் எழுதப் போன இடத்தில்தான் புதுமைப்பித்தனைக் காசநோய் பற்றிக்கொண்டது. அதே 1948இல் அவர் இறந்தார். இலக்கியக்காரர்களுக்கு அது சினிமா ஒரு மேதையைத் தின்ற கதை. சினிமாக்காரர்களுக்கு அது ஒரு தோல்விப் படம். புனாவில் ஒரே படத்துக்காக உழைத்த இந்த இருவரையும் ஒரே பக்கத்தில் வைத்து யோசிக்க நம்மிடம் ஒரு பழக்கம் உருவாகவில்லை. பாட்டுச் சினிமாவின் கடைசி நாயகனும் நவீன உரைநடையின் பெரிய கலைஞனும் ஒரு சினிமாக் கம்பெனியில் சந்தித்துக்கொண்டது தற்செயலா? பேச்சு பாட்டை ஓரம்கட்டிக்கொண்டிருந்த காலத்தில், பாட்டுக்காரர் ஒரு உரைநடைக்காரரைத் தேடிப் போனார் என்று இதை வாசிக்க முடியாதா?

ஆராய வருகிறவர் எங்கே போவது? சென்னையிலிருந்து கேளம்பாக்கத்துக்கு வருகிற இதே பழைய மகாபலிபுரம் சாலையின் வடகோடியில், தரமணியில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு மனிதர் ஆயுசு பூராவும் சேர்த்தவை அங்கே உள்ளன. சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீஸ்களையும் அங்கே தேடலாம். ஒரு அணா இரண்டு அணாவுக்குக் கொட்டகை வாசலில் விற்ற அந்தப் பாட்டுப் புத்தகங்கள்தான் இன்றைக்கு ஆவணம். கதைச் சுருக்கம் இருக்கிறது, நடிகர் பட்டியல் இருக்கிறது, விளம்பரம்கூட இருக்கிறது. வழக்கின் தீர்ப்புகள் சட்ட அறிக்கைத் தொகுதிகளில் இருக்கின்றன. பாகவதரைப் பற்றி உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறவர்களில் அவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இசைத்தட்டுக்கள் இருக்கின்றன. அவற்றை ரசிகனாக மட்டுமல்லாமல், இந்தக் குரல் எந்த ஒலிவாங்கிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் நின்றது, மூன்று நிமிஷத் தட்டுக்காக ராகத்தை எங்கே வெட்டியது என்று கேட்கிறவராகவும் உட்கார வேண்டும்.

எம்.ஜி.ஆரின் பிம்பத்தை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் கட்டுடைத்துக் காட்டினார். ஆட்சிக்கு வந்த நடிகன்மேல் நமக்குக் கோட்பாட்டு அக்கறை பிறந்தது இயல்பு. ஆட்சியைப் பிடிக்காத, தோற்றுப்போன நடிகனை மட்டும் பெருமூச்சுக்கு விட்டுவிட்டோம். அதிகாரத்தை எப்படி ஆராய்கிறோமோ அதே கவனத்தோடு வீழ்ச்சியையும் ஆராய வேண்டியிருக்கிறது. கோயில் வாசலில் விழுந்த அந்தக் காசை எண்ணுவதை நிறுத்திவிட்டு, அவரை வைத்துப் படம் எடுத்தவர்களின் கணக்குப் புத்தகத்தைத் தேட யாராவது கிளம்பட்டும்.